பொட்டு மறைத்த விளக்கு

அத்தியாயம் 11

ராயப்பன்பட்டி இம்மானுவேலைத் தன் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒச்சாண்டி நீக்கிய விவகாரம் ஒருவழியாக ஆறிவிட்டது என்றுதான் ராஜாத்தி நினைத்திருந்தாள். மகளின் வளைகாப்புக்குக் குமுளி போகிற நாளில் அது தன் மடியில் வந்து விழும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

தேவாரம் ஊரில் ஒச்சாண்டிகள் பலர் உண்டு. உரக்கடை ஒச்சாண்டி என்றால் சிலருக்குப் புரியும். சாம்சன் ஒச்சாண்டி என்றால் எல்லாருக்கும் புரியும். கல்யாணமான புதிதில் வாங்கிய பழைய சாம்சன் ஜீப்பில் தொடங்கி, இப்போது வாசலில் நிற்கும் வெள்ளை வண்டி வரைக்கும் ராஜாத்தியின் புருசன் வேறு கம்பெனிப் படியை மிதித்ததில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் சாம்சன் வைத்திருப்பவர்களைச் சேர்த்து 'சாம்சன் சொந்தங்கள்' என்று ஒரு குழு தொடங்கி, அதற்கு அட்மினாகவும் இருந்தார். எந்த டயர் உழைக்கும், எந்த பெட்ரோல் பங்கில் டீசல் சுத்தம் என்று ஆரம்பிக்கிற பேச்சு கடைசியில் டகாராவைத் திட்டுவதில் போய் நிற்கும். டகாரா வெளிநாட்டுக் கம்பெனி. அதுவே போதுமான குற்றம்.

அந்தக் குழுவில்தான் இம்மானுவேல் தை மாதத்தில் ஒரு குரல் பதிவு போட்டான்.

"அண்ணே, என் வண்டியில மீட்டர் பக்கத்துல செவப்பு லைட்டு எரியுது. பிரேக் மிதிச்சா பெடல் கீழ கீழ போகுது. இந்த மாடல்ல வேற யாருக்கும் இப்படி இருக்கா?"

ஒச்சாண்டி இட்லி தின்றுகொண்டே அதைச் சத்தமாக ஓடவிட்டார். சத்தமாகவே பதிலும் பேசினார். "சாம்சன்ல லைட்டு எரிஞ்சா சென்சாருதான் கோளாறு தம்பி. ஓட்டத் தெரியாதவன் சைக்கிள் வாங்கணும்."

குழுவில் சிரிப்பு பொம்மைகள் வந்து குவிந்தன. இம்மானுவேல் விடாமல் படம் எடுத்துப் போட்டான். மறுநாள் அவன் குழுவில் இல்லை. சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்ற ராஜாத்திக்கு, அந்தக் குரலில் இருந்தது வம்பு இல்லை, பயம் என்று அப்போதே தோன்றியது. தோன்றியதை அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டவை அவளுக்குள் ஒரு பரண் நிறைய இருந்தன. அதையும் அங்கே ஏற்றி வைத்தாள்.

இன்று மாசி வெள்ளி. பின் சீட்டு முழுக்கச் சீர்வரிசைத் தட்டுகள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று கட்டுச்சோறு வாசனை வண்டிக்குள் நிறைந்திருந்தது. வளையல் தட்டை ராஜாத்தி மடியில் வைத்திருந்தாள். லோயர் கேம்ப் தாண்டி, மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோதுதான் அதைக் கவனித்தாள்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர் கண்ணாடி மேல், ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அரக்கு நிறம். பெரிய அளவு. அவளுடையதுதான். அந்த அளவு வயசுக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்ட பிறகு, அட்டை மட்டும் வீட்டுக் கண்ணாடி ஓரமாகக் கிடந்தது.

ஓட்டுகிறவருக்கு அது வெறும் பொட்டு. ராஜாத்தி பக்கத்து சீட்டில் இருந்தாள். அங்கிருந்து சாய்வாகப் பார்க்கும்போது, பொட்டின் ஒரு ஓரத்தில் சிவப்பு வெளிச்சம் கீற்றாகக் கசிந்தது.

"என்னங்க அது?"

"எது?"

"மீட்டர்ல. என் பொட்டு."

"ஆயுத பூசைக்கு வச்சது."

"ஆயுத பூசைக்குச் சந்தனம்ல வச்சோம்."

"சந்தனம் உதிர்ந்துருச்சு."

"பின்னாடி வெளிச்சம் தெரியுதுங்க."

"சென்சாரு. ஈரம் பட்டா அப்படித்தான் எரியும். நீ தட்டைச் சாயாமப் பிடி."

ராஜாத்தி தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள். மழை பெய்து எத்தனையோ வாரமாகிவிட்டது. அதை அவள் கேட்கவில்லை. முதல் கேள்வி கேட்பதும் இரண்டாவது கேள்வியை விழுங்குவதும் அவளுக்குப் பழகிப்போன ஒன்று. ஏற்றத்தில் வண்டி நன்றாகத்தான் ஏறியது. ஏற்றத்துக்குப் பிரேக் எதற்கு?

குமுளியில் சம்மந்தி சங்கிலி ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். வீட்டு முகப்பில் அவருடைய வெள்ளி நிற டகாரா குளித்துவிட்டு நின்ற மாதிரி பளபளத்தது. ஒச்சாண்டி இறங்கியதுமே அவர் ஆரம்பித்தார்.

"வாங்க மச்சான். தள்ளிவிடாம வந்து சேர்ந்துட்டீகளா?"

"எங்க வண்டியத் தள்ளுற வேலை இல்ல. உங்களுக்குத்தான் ஒரு போல்ட் போனாலும் கப்பல்ல வரணும்."

"போல்ட் போறவனுக்குத்தான மச்சான் அந்தக் கவலை."

"ஒரு எருமை இடிச்சா உங்களது அப்பளம். தகர டப்பாவுக்குத்தான் டகாரான்னு பேரு வச்சிருக்கான்."

"எருமைய இடிக்கிறதுக்கா வண்டி வாங்குறோம்? வீடு போய்ச் சேரத்தான."

இரண்டு பேரும் தோளைத் தட்டிச் சிரித்தார்கள். சங்கிலியின் மனைவி சந்தனம்மாள் வாசலுக்கு வந்தாள். எல்லைக்குப் பக்கத்தில் இருந்து இருந்து அவள் வாயில் மலையாளம் கலந்துவிட்டிருந்தது.

"மதி, மதி, போதும். வளையல் போட வந்தீகளா, வண்டி விக்க வந்தீகளா? உள்ள வாங்க மதினி. இவுக பேச்சு இன்னைக்கு முடியாது."

ராகுகாலத்துக்கு முன்பே வளைகாப்பு நடந்தது. ஜோதிகா கன்னத்தில் சந்தனத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாத வயிறு பட்டுச்சேலைக்குள் அடங்கவில்லை. கை வீங்கியிருந்ததால் வளையல் மணிக்கட்டில் சிக்கியது. ராஜாத்தி விரல்களைக் குவித்துப் பிடித்து மெல்ல ஏற்றினாள். மகள் குனிந்து காதருகே சொன்னாள்.

"அம்மா, எறங்குறப்ப அப்பாவ மெல்ல ஓட்டச் சொல்லு. போன தடவ வளைவுல வெடுக்குன்னு பிடிச்சாரு. எனக்கு அடிவயிறே சுண்டிருச்சு."

"சொல்றேன் ஆத்தா."

சொல்லிவிட்டுக் கையில் இருந்த அடுத்த வளையலைப் போடாமல் ராஜாத்தி சற்று நேரம் நின்றாள். ஏறும்போது பார்த்த சிவப்புக் கீற்று நினைவில் இருந்தது. இதே பாதையில் இதே வண்டி இறங்க வேண்டும். மகள் முன் சீட்டில், வயிறு முன்னால், சீட் பெல்ட்டும் சரியாகப் போட முடியாமல்.

சாப்பாட்டுப் பந்தியில் சங்கிலிதான் பேச்சை எடுத்தார். "மச்சான், விளையாட்டுக்குச் சொல்லல. நம்ம வண்டி ஆடாது, அலுங்காது. புள்ளைய அதுலயே கொண்டுவந்து விட்டுர்றோமே."

ஒச்சாண்டி பதில் சொல்லுமுன் சந்தனம்மாள் குறுக்கிட்டாள். "அது மொறையில்ல. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டு வண்டிதான் வந்து ஏத்திட்டுப் போகணும். நம்ம வண்டியில கொண்டுபோய் விட்டா, மாமியாக்காரி கொண்டாந்து தள்ளிட்டான்னு பேசுவாக."

"கேட்டீகளா?" என்றார் ஒச்சாண்டி, பாயசத்தை வழித்தபடி. "என் மக சாம்சன்லதான் வருவா. அது பெறந்து ஆசுபத்திரியிலருந்து வந்ததே சாம்சன்லதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ராஜாத்தி சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருப்பது கவனிக்கும்படியான விஷயமாக எப்போதும் இருந்ததில்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பெரியவர்கள் சொன்ன ஒரே புகழ், "ஒண்ணைப் பிடிச்சான்னா விடமாட்டான்" என்பதுதான். கடை நொடித்தபோது அவர் விடவில்லை. அவளுக்கு முதல் கரு கலைந்தபோது, உறவில் ஆயிரம் பேச்சு வந்தபோதும், அவளை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நன்றி அவளுக்குள் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அதே பிடிதான் ஒரு இரும்பு வண்டியின் மேலும் இருக்கிறது என்று அவள் இத்தனை காலம் அதைக் கேலிகூடச் செய்யாமல் விட்டிருந்தாள். நம்புகிறவரை எப்படிக் குறை சொல்வது? லைட் பொய் சொல்கிறது என்று அவர் நம்புகிறார். நம்புகிற மனுசர் தப்பு செய்யலாம். துரோகம் செய்ய மாட்டார்.

இப்படி நினைத்துக்கொண்டபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆறுதலால் பிரேக் பிடிக்காது என்பதும் தெரிந்தது.

எமகண்டம் தொடங்குமுன் கிளம்பியாக வேண்டும். பெட்டிகள் டிக்கியில் ஏறின. மருமகன் விஜய்பாண்டி தலையணை கொண்டுவந்து முன் சீட்டில் முதுகுக்கு வைத்தான். ஜோதிகா எல்லாரிடமும் திருநீறு வாங்கிக்கொண்டு, கதவைப் பிடித்து, வலது காலை உள்ளே வைக்கத் தூக்கினாள்.

"நில்லு ஆத்தா," என்றாள் ராஜாத்தி. "இந்த வண்டி வேணாம்."

தூக்கிய கால் அப்படியே நின்றது. ஒச்சாண்டி சாவியைச் சுழற்றியபடி சிரித்தார். "என்ன வேணாம்?"

"பிரேக் லைட்டு எரியுதுங்க. பொட்ட ஒட்டி மறைச்சிருக்கீக."

தன் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல ராஜாத்திக்குக் கேட்டது. நாலு பேர் நடுவில் அவரை மறுத்துப் பேசியது இதுதான் முதல் தடவை. அதுவும் சம்மந்தி வீட்டு வாசலில், டகாராவுக்கு முன்னால்.

"சென்சாருன்னு காலையிலயே சொன்னேன்ல. பொம்பளைக்கு வண்டியப் பத்தி என்னடி தெரியும்?"

"வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. சும்மா எரியுற லைட்டுன்னா எதுக்கு மறைக்கணும்னு மட்டும் தெரியல."

யாரோ இருமினார்கள். விஜய்பாண்டி ஒரு அடி முன்னால் வந்தான். "மாமா, நான் ஒரு தடவ பெடல மிதிச்சுப் பாக்குறேனே."

ஒச்சாண்டி கதவை மறித்து நின்றார். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. "என் வண்டிய டகாராக்காரக வந்துதான் பாக்கணுமா மாப்ள?"

எல்லாருடைய கண்ணும் சங்கிலி மேல் போயிற்று. இத்தனை வருசக் கேலிக்கு வட்டியோடு வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல நேரம் அவருக்குக் கிடைக்காது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குரலை இறக்கினார்.

"மச்சான், கம்பெனிப் பேச்ச விடுங்க. வரப்போறது நம்ம பேரப்புள்ள." பிறகு மகனிடம் திரும்பினார். "ஏலே, நம்ம வண்டிய எடு."

"ஊரு பேசுமேங்க," என்றாள் சந்தனம்மாள் மெதுவாக.

"பேசட்டும் மதினி," என்றாள் ராஜாத்தி. "நான்தான் கேட்டு வாங்கிட்டுப் போனேன்னு சொல்லிக்கிறேன்."

பெட்டிகள் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏறின. அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. ஜோதிகா அப்பாவைப் பார்த்தாள். அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் இதுலயே வாங்க மச்சான்," என்று சங்கிலி கையைப் பிடித்தார். "உங்க வண்டிய நாளைக்கு லாரியில கட்டி எறக்கிருவோம்."

"சாம்சனக் கயித்துல கட்டி எறக்கின சரித்திரம் கிடையாது. நானே ஓட்டிட்டு வர்றேன்."

டகாரா முன்னால் போனது. ராஜாத்திக்கும் அதில் இடம் இருந்தது. கதவைத் திறந்தும் வைத்தார்கள். அவள் சாம்சனைச் சுற்றிப் போய் முன் சீட்டில் ஏறினாள். ஏன் என்று யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. மானத்தை வாங்கியாயிற்று, உயிரையாவது கூட இருந்து பார்ப்போம் என்று தோன்றியிருக்கலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் மெதுவாகப் போவார் என்றும் தோன்றியிருக்கலாம்.

சோதனைச்சாவடி தாண்டியதும் இறக்கம். ஒச்சாண்டி முதல் கியரில் போட்டார். எஞ்சின் முனகியது. பின்னால் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் ஹாரன் அடித்து அடித்து, பொறுமையிழந்து ஒதுங்கி முந்தின. "அண்ணாச்சி, எறங்கித் தள்ளவா?" என்று ஒரு ஜீப்பிலிருந்து பெண்கள் கத்திவிட்டுப் போனார்கள். அவர் பார்வையைத் திருப்பவில்லை.

ராஜாத்தி அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்பே கால் பெடலுக்குப் போனது. ஒரே மிதியாக இல்லை. விட்டு விட்டு, டப் டப் என்று, சேறு மிதிப்பது போல. பெடலுக்குப் பிடிப்பு வந்த பிறகுதான் தோள் தளர்ந்தது. இந்த மிதி அவளுக்குப் புதிதல்ல. தேவாரம் கடைவீதியில் வேகத்தடைக்கு முன்னால் இப்படித்தான் மிதிப்பார். ஏதோ கால் பழக்கம் என்று இத்தனை மாதமாக எண்ணியிருந்தாள்.

இப்படி மிதிக்க, பெடல் கீழே போகிறது என்று ஒருவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வேலை செய்யாத ஒன்றை வேலை செய்ய வைக்கும் விதத்தை அந்தக் கால் நிதானமாகப் படித்து வைத்திருந்தது.

"எப்ப இருந்துங்க?" என்றாள்.

அவர் அடுத்த வளைவைத் திருப்பி முடித்தார்.

"கார்த்திகையில. சாமிமாரைக் கூட்டிட்டு வந்தப்ப."

"இம்மானுவேலு தையிலதான சொன்னான்."

அவர் கால் மறுபடி டப் டப் என்று மிதித்தது.

"அவன ஓட்டத் தெரியாதவன்னீக."

"வேற என்னத்தச் சொல்றது?" ஒச்சாண்டியின் குரல் உயர்ந்து, உடனே இறங்கியது. "என் பேச்ச நம்பி இந்த மாடல வாங்குனவன் எத்தன பேரு இருக்கான் குரூப்புல. ஆமாப்பா, எனக்கும்தான் போகுதுன்னு சொன்னா நாளைக்கு எவன் மதிப்பான்?"

"ஒர்க்‌ஷாப்புல விட்டிருக்கலாம்ல."

"விட்டா அன்னைக்கு சாயங்காலமே கம்பம் வரைக்கும் தெரிஞ்சுரும். நானே பிரேக் ஆயில் ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன். கொறையக் கொறைய ஊத்துறேன். காலையிலகூட ஊத்திட்டுத்தான் வண்டிய எடுத்தேன். டிக்கியில பாட்டில் கெடக்கு."

"தெரிஞ்சுக்கிட்டே ஜோதிகாவ ஏத்தப் பாத்தீக."

"பாத்து ஓட்டியிருப்பேன்டி. என் மக. எனக்கு அக்கறை இல்லையா?"

அக்கறை இருந்தது. அதை ராஜாத்தி சந்தேகப்படவில்லை. அதற்கு மேலே ஒன்று இருந்தது, அவ்வளவுதான். இந்த மனுசர் இதுவரை வண்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்று நினைத்தது தவறு. அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்த தன்னையே காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்தக் காப்பாற்றலுக்குள் அவளும் வருவாளா, மகள் வருவாளா என்று அவள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. விடை தெரிந்த கணக்கைப் போடுவானேன்? கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நீண்ட நாள் சுமந்த கூடையை இறக்கி வைத்ததும் தோள் சும்மா வலிக்குமே, அதுதான் வந்தது.

"நிப்பாட்டுங்க."

"இன்னும் கொஞ்ச தூரம்தான். இரைச்சல் பாலம் தாண்டிட்டா..."

"நிப்பாட்டுங்க."

மலைச்சுவர் ஓரமாக லாரிகள் நின்று மூச்சு வாங்கும் அகலமான இடம் ஒன்று வந்தது. அவர் டப் டப்பென்று மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். ராஜாத்தி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வெயிலில் தார் மணத்தது. சுவர் மேல் இருந்த குரங்குகள் அவள் கையில் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தன.

"எங்கன போற?"

"பஸ்ஸுல வர்றேன்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? பட்டுச்சேலையோட நடுமலையில நின்னு பஸ்ஸுக்குக் கை காட்டுவியா? பாக்குறவுக என்ன நெனப்பாக?"

"தெரியாம ஓட்டுறீகன்னு நெனச்சுத்தான் கூட ஏறுனேன்," என்றாள் ராஜாத்தி.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேல் வளைவில் கம்பம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் சாலை ஓரத்துக்கு வந்து கையை நீட்டினாள். இறக்கத்தில் நிறுத்த மாட்டார்கள். என்ன நினைத்தாரோ, டிரைவர் கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்தினார். ராஜாத்தி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இப்படி ஓடிப் பல காலமாகிவிட்டது.

"வண்டி ரிப்பேராம்மா?" என்றார் கண்டக்டர், பின்னால் நின்ற சாம்சனை எட்டிப் பார்த்து.

"ஆமா," என்றாள்.

எளிதாகத்தான் இருந்தது அந்தச் சொல். ஒரே ஒரு எழுத்துக்கூட அவள் நாக்கில் சிக்கவில்லை.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகரும்போது திரும்பிப் பார்த்தாள். ஒச்சாண்டி வண்டியை விட்டு இறங்கி நின்றார். பஸ்ஸைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் போய், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, பானெட்டைத் தூக்கினார். அந்த வெள்ளை மூடி மேலே எழுந்து அவர் முகத்தை மறைத்தது. பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டு மறுபடி ஓட்டப் போகிறாரா, இல்லை அங்கேயே நின்று யாரையாவது கூப்பிடப் போகிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. பஸ் திரும்பியது.

குழாய்கள் கண்ணில் படுகிற இடத்துக்கு வந்த பிறகுதான் கைபேசிக்குச் சிக்னல் வந்தது. வந்த உடனே மணி அடித்தது. ஜோதிகா.

"அம்மா, நாங்க கூடலூர் தாண்டிட்டோம். எங்கன வர்றீக? அவ்வளவு மெல்லவா ஓட்டுறாரு அப்பா?"

"நான் பஸ்ஸுல வர்றேன் ஆத்தா."

"பஸ்ஸுலயா? அப்பா?"

"பின்னாடி இருக்காக. வண்டிய நிறுத்திட்டாக."

டகாராவுக்குள் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதை அணைத்தார்கள். அதன்பின் மகளின் குரல் தாழ்ந்து வந்தது. வண்டியில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள் போல.

"அம்மா, பிரேக் இப்படி இருக்குன்னு அப்பாவுக்கு நெசமாவே தெரியாதுல்ல?"

தெரியாது என்று சொல்ல ராஜாத்திக்கு ஒரு நொடி போதும். புள்ளத்தாச்சி மனசு நோகக் கூடாது என்பதற்காகச் சொல்லலாம். அப்பா அப்பாவாகவே இருக்கட்டும் என்பதற்காகச் சொல்லலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை தானாக வந்து நின்றது, கூப்பிடாமலே வேலைக்கு வந்துவிடும் ஆளைப் போல.

"நீ மொதல்ல பத்திரமாப் போய்ச் சேரு ஆத்தா," என்றாள். "நான் வந்து பேசுறேன்."

ஜோதிகா வேறு எதுவும் கேட்கவில்லை. இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை.